ஆரஞ்சு இருக்கும்வரை

டிசம்பரில் செயபாட்டா வந்தபோது
நெஞ்சில் ஒன்று, இடது காலில் ஒன்று
என இரண்டு நோய்.
வெல்கோம் சுரங்கத்தில் பதினேழு வருடம் தங்கம் தோண்டியவர்
தங்கம் தவிர மற்றதெல்லாம் கொண்டுவந்திருந்தார்.
தொடைவரை வீங்கிய கால்
போர்வைக்கு வெளியே தனி ஆள்போலக் கிடந்தது.

காசத்துக்குச் சிவப்பு மாத்திரை,
கட்டிய ரத்தத்துக்கு வார்ஃபரின்.
ஒரே மிடறு தண்ணீரில் இரண்டும் இறங்கி
உள்ளே போய்ச் சண்டையிட்டன.
சண்டை என்பதுகூடச் சரியில்லை.
சிவப்பு போய்க் கல்லீரலை உலுக்கி எழுப்பும்;
விழித்த கல்லீரல், பசியில்,
பக்கத்துத் தட்டையும் வழித்துத் தின்னும்.

புதன்தோறும் ரத்தக்குழாய் மோட்டார் சைக்கிளில்
கணவாய் தாண்டி மொகோட்லோங் போகும்.
வெள்ளியன்று எண் வரும்.
வேண்டியது இரண்டுக்கு மேல், மூன்றுக்குள்.
ஐந்து மில்லிகிராம்: ஒன்று புள்ளி ஒன்று.
ஏழரை: ஒன்று புள்ளி இரண்டு.
பத்து: அதே ஒன்று புள்ளி இரண்டு.
பன்னிரண்டரை கொடுத்த வாரம்
டயர் பஞ்சர். எண்ணே இல்லை.
அதுவரை தினம் ஓர் ஊசி வயிற்றில்;
தொப்புளைச் சுற்றி நீலநீலமாய்க் கன்றல்.
பதினைந்து என்று எழுதியபோது
டாக்டர் போனில் கேட்டார், "மனுஷனுக்கா, மாட்டுக்கா?"
இரண்டு புள்ளி மூன்று வந்தது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

"ஏன் இத்தனை?" என்று கேட்டாள் அவர் மனைவி புசெலெட்சோ.
நொதி என்பதற்கு
செசோத்தோவில் ஒரு சொல் தேடினேன், அகப்படவில்லை.
"அவர் சிறுநீர் ஆரஞ்சாகத்தானே போகிறது?
அது ஆரஞ்சாக இருக்கும்வரை
மாத்திரை தின்னும் திருடன் உள்ளே விழித்திருக்கிறான்.
அவன் தூங்கிவிட்டால்
இதே மூன்று மாத்திரை விஷம்."
அவள் போர்வை ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.
காதில் வாங்கவில்லை என்றே நினைத்தேன்.

ஜூனில் சளியில் கிருமி இல்லை.
சிவப்பு மாத்திரையை நிறுத்தினேன்.
ஒரு சேவலைக் கொடுத்துவிட்டு
இருமாமல் நடந்துபோனார்.
"திங்கட்கிழமை வாருங்கள், அளவைக் குறைக்க வேண்டும்,
வாராவாரம் வர வேண்டும்."
தலையாட்டினார்.
ஞாயிறு இரவு பனி கொட்டியது.

பாதை மூடிற்று. போன் கோபுரமும் செத்தது.
ஒன்பது, பத்து, பதினொன்று,
நாள்களை எண்ணிக் கிடந்தேன்.
கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாய்க் கண்ணயரும்.
பதினைந்தும் முழுதாய் ரத்தத்தில் இறங்கும்.
ஈறு கசியலாம்.
குதிரையிலிருந்து ஒரு சறுக்கல், தலையில் ஒரு சின்ன அடி,
போதும்.
கிருமியைக் கொன்றது நாங்கள்.
ஆளைக் கொன்றதும் நாங்களாகிவிடக் கூடாதே.

பதினான்காம் நாள் பனி இளகியது.
கம்பளி ஏற்றப்போன பையனிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினேன்:
பாதி. உடனே. பாதி.
சீட்டு பிரிக்கப்படாமலே மதியம் திரும்பி வந்தது.
பின்னால் குதிரைமேல் செயபாட்டா,
கடிவாளம் பிடித்து முன்னால் நடந்தவள் புசெலெட்சோ.

முடிச்சை அவிழ்த்தாள்.
கத்தியால் வெட்டிய அரை மாத்திரைகள்,
துணியெங்கும் தூள்.
"ஐந்தாம் நாள் வீட்டுக்குப் பின்னால் பார்த்தேன்.
பனியில் ஆரஞ்சு இல்லை, வெறும் மஞ்சள்.
திருடன் படுத்துவிட்டான் என்று
அன்றே ஒன்றரையாக்கினேன்."
"யார் சொன்னது?"
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
"நீங்கள்தான்."

வெள்ளியன்று எண் வந்தது: ஒன்று புள்ளி எட்டு.
கொஞ்சம் அவசரப்பட்டிருந்தாள். கால் மாத்திரை கூட்டினேன்.
பதிவேட்டில்
'அளவைக் குறைத்தவர்' என்றொரு கட்டம் உண்டு.
அவள் பெயரை எழுதினேன்.
எழுத்து சரியா என்று
அவளிடமே காட்டிக் கேட்டேன்.